சீல் உடையாமல் வந்ததா? தொடர் கொலை வழக்கும் தடயச் சான்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்துக்கு வெளியே டீ குடிக்க நின்றால் வாரத்துக்கு ஒருவராவது இந்தக் கேள்வியோடு வந்துவிடுவார்: "வக்கீல் சார், லேப் ரிப்போர்ட்டே வந்துடுச்சாமே, இன்னும் எதுக்கு இழுக்கிறாங்க?" முதலில் ஒரு அரசு வழக்கறிஞரிடம் ஜூனியராக இருந்தேன். பிறகு எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தரப்பிலும் நின்றேன். அதனால் இரண்டு பக்கத்துப் பதிலும் எனக்குத் தெரியும். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

தொடர் கொலை என்று சட்டத்தில் தனிக் குற்றம் இருக்கிறதா?

இல்லை. அது பத்திரிகையிலும் போலீஸ் பேச்சிலும் புழங்கும் பெயர். இரண்டோ அதற்கு மேலோ ஆட்களை, வெவ்வேறு நிகழ்வுகளில், ஒரே ஆள் கொன்றால் தொடர் கொலை என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. வரையறுக்கிறது. நம் நீதிமன்றத்தில் அந்த வார்த்தைக்கு எடை கிடையாது. 2024 ஜூலை 1க்கு முன் நடந்த கொலை என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 302. அதற்குப் பிறகு என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 103. உடலை மறைத்திருந்தால் பழைய 201, புதிய 238. ஆறு கொலை என்றால் ஆறு குற்றச்சாட்டு. ஒவ்வொன்றையும் தனியாக நிரூபித்தாக வேண்டும். ஐந்தை நிரூபித்தால் ஆறாவது தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது.

ஆட்டோ சங்கர் நம்ம ஊர்க்காரராமே? அந்த வழக்கை எப்படி நிரூபித்தார்கள்?

பிறந்தது காங்கேயநல்லூர். பாலாற்றுக்கு அந்தக் கரை, காட்பாடிப் பக்கம். வாரியார் சுவாமிகள் பிறந்த அதே ஊர்தான். இதைச் சொன்னால் ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. குற்றங்கள் எதுவும் இங்கே நடக்கவில்லை. எல்லாம் சென்னை திருவான்மியூர், பெரியார் நகர் பக்கம், 1980களின் பிற்பகுதியில். ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். சிலருடைய உடலைப் புதைத்திருந்தார்கள், சிலருடைய உடலை எரித்திருந்தார்கள்.

அரசுத் தரப்பின் சிக்கலை யோசித்துப் பாருங்கள். கொலை நடந்து மாதக்கணக்கில் ஆகிவிட்டது. தோண்டினால் எலும்பும் மண்டை ஓடும்தான். "இவர் இன்னார்" என்று முதலில் நிறுவாமல் "இன்னாரைக் கொன்றான்" என்று சொல்ல முடியாது. டிஎன்ஏ பரிசோதனை அப்போதுதான் உலகத்தில் தலையெடுத்த சமயம், நம் நீதிமன்றங்களுக்கு அது புதிது. அங்கேதான் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த டாக்டர் பி. சந்திரசேகரன் வருகிறார். கிடைத்த மண்டை ஓட்டையும் காணாமல் போனவரின் புகைப்படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்க்கும் முறையில் அடையாளம் நிறுவப்பட்டது.

மண்டை ஓடு சொன்னது "இவர் யார்" என்பதை மட்டும்தான். "யார் கொன்றது" என்பதற்கு வேறு சாட்சி வேண்டும். கூட்டாளிகளில் ஒருவர் அப்ரூவர் ஆனார், அதாவது மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்பு சாட்சியாக மாறினார். அப்ரூவர் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது, வேறு சான்று அதைத் தாங்க வேண்டும் என்பது நீதிமன்றங்களின் பழைய வழக்கம். இரண்டையும் முடிச்சுப் போட்டதில்தான் அரசுத் தரப்பின் திறமை இருந்தது. நடுவில் 1990இல் சங்கர் சென்னை மத்தியச் சிறையிலிருந்து தப்பி, ஒடிசாவின் ரூர்கேலாவில் பிடிபட்ட கூத்தும் நடந்தது. 1991 மே 31இல் செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட் தூக்குத் தண்டனை விதித்தது. 1992இல் உயர் நீதிமன்றமும் 1994 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. 1995 ஏப்ரல் 27இல் சேலம் மத்தியச் சிறையில் தூக்கு நிறைவேறியது.

மண்டை ஓட்டையும் போட்டோவையும் பொருத்துவது நம்பகமான விஷயமா?

ஓரளவுக்கு. போட்டோவில் தலை எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறதோ அதே கோணத்தில் மண்டை ஓட்டை நிறுத்த வேண்டும். கண்குழி, மூக்கின் அடி, பல்வரிசை, தாடை ஓரம் எல்லாம் உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். "இவர் இல்லை" என்று அடித்துச் சொல்ல இது நல்ல கருவி. "இவரேதான்" என்று சொல்வதில்தான் தயக்கம். சிரித்த முகத்தோடு, பல் தெரிய எடுத்த படம் கிடைத்தால் நிபுணருக்குக் கொண்டாட்டம். நம் ஆட்களோ ரேஷன் கார்டு போட்டோவுக்கு வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்காருவார்கள்.

இந்த முறை பெரிதாகப் பேசப்பட்டது 1935இல் இங்கிலாந்தில் நடந்த பக் ரக்ஸ்டன் வழக்கில். மனைவியையும் வீட்டு வேலைப் பெண்ணையும் கொன்றவர் பம்பாயில் பிறந்த ஒரு டாக்டர். நம்மிடம் சரவண பவன் உரிமையாளர் சம்பந்தப்பட்ட சாந்தகுமார் கொலை வழக்கிலும் கொடைக்கானல் மலையில் கிடைத்த உடலை அடையாளம் காண இதையே பயன்படுத்தினார்கள். டிஎன்ஏ எடுக்கவில்லையே என்று எதிர்த்தரப்பு கேட்டது. மற்ற சான்றுகள் வலுவாக இருக்கும்போது டிஎன்ஏ இல்லாதது வழக்கைச் சாய்த்துவிடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த முறையை மட்டுமே நம்பித் தண்டிக்கக் கூடாது என்பதையும் அதே தீர்ப்பு சேர்த்துச் சொல்கிறது. தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறவர்கள் வசதிக்கேற்ப ஒரு பாதியை விட்டுவிடுவது வழக்கம்.

டிஎன்ஏ மூலம் முதலில் பிடிபட்ட தொடர் கொலையாளி யார்?

காலின் பிட்ச்ஃபோர்க். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷையரில் 1983இலும் 1986இலும் இரண்டு பதினைந்து வயதுப் பெண்களைக் கொன்றவர். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி பிடிபட்டது அல்ல. அதற்கு முன்பே பதினேழு வயதுப் பையன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டுவிட்டான். போலீஸுக்கு வழக்கு முடிந்த மாதிரிதான். லெஸ்டர் பல்கலைக்கழகத்து அலெக் ஜெஃப்ரிஸ் பரிசோதனை செய்துவிட்டு, இரண்டு கொலையும் ஒரே ஆள் செய்தது, ஆனால் அந்த ஆள் இந்தப் பையன் இல்லை என்றார். ஆக, இந்தத் துறையில் டிஎன்ஏ முதலில் செய்த வேலை ஒரு அப்பாவியை வெளியே விட்டது.

பிறகு சுற்றுவட்டாரத்தில் 5,000 பேருக்கு மேல் மாதிரி எடுத்தார்கள். பிட்ச்ஃபோர்க் தனக்குப் பதிலாக உடன் வேலை செய்தவரை அனுப்பி ரத்தம் கொடுக்க வைத்தார். அந்த ஆள் மதுக்கடையில் வாய் தவறி உளறியதைக் கேட்டவர் போலீஸில் சொல்ல, 1987இல் கைது, 1988 ஜனவரியில் ஆயுள் தண்டனை. இவ்வளவு பெரிய விஞ்ஞானம் இருந்தும் ஆளைக் காட்டிக்கொடுத்தது கடைசியில் சாராயக்கடைப் பேச்சுதான்.

சரி, டிஎன்ஏ பொருந்திவிட்டது. அப்புறம் என்ன தடை?

இந்தப் பக்கத்தையே இந்தக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். ஆய்வகத்து அறிக்கை "இந்தக் கவரில் இருந்த கறையும் அந்தக் குழாயில் இருந்த ரத்தமும் ஒரே ஆளுடையது" என்று சொல்லும், அவ்வளவுதான். அந்தக் கவரில் இருந்த கறை சம்பவ இடத்தில் எடுத்ததுதானா, வழியில் யாரும் பிரித்தார்களா, மாற்றினார்களா என்பது ஆய்வகத்துக்குத் தெரியாது. அதை நிரூபிக்க வேண்டியவர்கள் மகஜர் (பொருளைக் கைப்பற்றியதற்கான பதிவு) எழுதிய எஸ்.ஐ., கையெழுத்துப் போட்ட வி.ஏ.ஓ., கவரை எடுத்துப் போன காவலர், கோர்ட்டில் வாங்கி வைத்த கிளார்க். இந்த நாலு பேரும் நாலு தேதி சொன்னால் வழக்கு அங்கேயே ஆட ஆரம்பிக்கும்.

என் கண் முன்னால் நடந்தது ஒன்று. எந்த ஸ்டேஷன், எந்த வழக்கு என்று சொல்லப் போவதில்லை. சித்திரை மாதம், வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். ரத்தக்கறை பட்ட சட்டையை மகஜரில் கைப்பற்றியிருக்கிறார்கள். ஈரம் காயவில்லை. காய வைத்துக் காகித உறையில் போட வேண்டியதை அப்படியே பிளாஸ்டிக் பையில் முடிந்து, ஸ்டேஷன் பீரோவில் வைத்துவிட்டார்கள். கோர்ட்டுக்கு பாரம் 95 (கைப்பற்றிய பொருளை ஒப்படைக்கும் படிவம்) போட்டு அனுப்பியது பதினொன்றாவது நாள். குறுக்கு விசாரணையில் பையைப் பிரித்தபோது துணி முழுக்கப் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. அரக்குச் சீலில் எழுத்து கரைந்து வழவழவென்று இருந்தது. எந்த முத்திரை என்றே படிக்க முடியவில்லை. எதிரித் தரப்பு சீனியர் கேட்டது ஒரே கேள்வி: "இந்த பதினொரு நாளும் பீரோ சாவி யாரிடம் இருந்தது?" எஸ்.ஐ. யோசித்தார். நீதிபதி பேனாவை மூடி வைத்தார். அந்த மதியம் எங்கள் அறையில் யாரும் சாப்பிடவில்லை.

இது எங்கள் ஊர் நோய் மட்டும் இல்லை. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பக்கம் 2011இல் ஒரு இளம் ஜோடி கொல்லப்பட்ட வழக்கில் செஷன்ஸ் கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் தூக்குத் தண்டனை வரை போயின. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் எதிரியை விடுதலை செய்தது. டிஎன்ஏ மாதிரிகள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின, எங்கே எத்தனை நாள் இருந்தன என்பதில் விளக்கமில்லாத ஓட்டைகள் இருந்தது முக்கியமான காரணம். அதோடு நாடு முழுவதற்கும் சில கட்டளைகளை இட்டது. மாதிரியின் பொதியில் வழக்கு எண், பிரிவு, விசாரணை அதிகாரி, காவல் நிலையம் எல்லாம் எழுதி டாக்டரும் அதிகாரியும் கையெழுத்துப் போட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும், தாமதம் ஆனால் காரணம் எழுத வேண்டும். விசாரணை நீதிமன்ற அனுமதி இல்லாமல் பொதியைத் திறக்கவோ மறுபடி சீல் வைக்கவோ கூடாது. மாதிரி கைமாறிய ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் ஏற வேண்டும், அந்தப் பதிவேடு வழக்குக் கட்டோடு சேர வேண்டும்.

இனி நல்ல பி.பி. (அரசு வழக்கறிஞர்) ஒருவர் கட்டை வாங்கியதும் முதலில் புரட்டுவது டிஎன்ஏ அறிக்கையை இல்லை, இந்தப் பதிவேட்டைத்தான்.

வேலூரில் எடுத்த மாதிரி எங்கே போகிறது?

பிரேதப் பரிசோதனை பெரும்பாலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். வேலூரிலேயே வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. டிஎன்ஏ போன்றவை சென்னை மயிலாப்பூர் காமராசர் சாலையில் இருக்கும் தலைமை ஆய்வகத்துக்குப் போவது வழக்கம். இந்தத் துறைக்கு வயது அதிகம். மதராஸில் ரசாயனப் பரிசோதகர் கூடம் தொடங்கியது 1849இல், நாட்டிலேயே முதல். அப்போது தலைவலி எல்லாம் விஷம்தான். வட ஆற்காடு ஜில்லா உட்பட மாகாணம் முழுக்க வழிப்போக்கர்களுக்கு ஊமத்தை கலந்து கொடுப்பது, அரளி, பாஷாணம் என்று வந்துகொண்டிருந்த காலம். குடல், ஈரல் பகுதிகளை ஜாடியில் போட்டு அனுப்பும் அந்த "விஸ்ரா" பழக்கம் இன்றும் அப்படியே தொடர்கிறது. விஷம் பார்க்க என்றால் உப்புக் கரைசலில் போட்டு அனுப்புவார்கள்.

சம்பவ இடத்துக்குத் தடய நிபுணர் கட்டாயம் வர வேண்டுமா?

ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் வர வேண்டும், வீடியோவும் எடுக்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 176(3). அந்தந்த மாநிலம் இதை அமலுக்குக் கொண்டுவர ஐந்து ஆண்டு அவகாசமும் கொடுத்திருக்கிறது.

போலீஸிடம் எல்லாக் கொலையையும் ஒப்புக்கொண்டானே, அது போதாதா?

போதாது. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமே ஆகாது. நூறு ஆண்டுக்கு மேலாக இதுதான் சட்டம், 2023இன் சாட்சியச் சட்டத்திலும் பிரிவு 23இல் அப்படியே இருக்கிறது. ஒரே விதிவிலக்கு, அவன் சொன்னதால் ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளுக்கு வழிகாட்டிய வாக்கியம் மட்டும் நிற்கும். அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1946 டிசம்பரில் முடிவு செய்த கோட்டய்யா வழக்கு இதற்கு இன்றுவரை பாடம். அதுவும் நம் பழைய மதராஸ் மாகாணத்து வழக்குதான். "என் வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்த கத்தியை எடுத்துத் தருகிறேன்" என்பது நிற்கும். "அதால்தான் குத்தினேன்" என்பது நிற்காது.

இங்கே ஒரு தமிழ்நாட்டு வழக்கம் உண்டு. கொலை செய்தவர் நேரே வி.ஏ.ஓ. ஆபீஸுக்குப் போய், முன்பின் தெரியாத வி.ஏ.ஓ.விடம் மனசாட்சி உறுத்தி எல்லாவற்றையும் சொல்லி, அவர் அதை எழுதி ஸ்டேஷனில் ஒப்படைத்ததாக வழக்குக் கட்டில் இருக்கும். நூற்றில் ஒன்று உண்மையாக இருக்கலாம். நீதிபதிகள் இதைப் பார்த்தாலே புருவத்தை உயர்த்துவார்கள்.

மாஜிஸ்திரேட் முன்னால் கொடுக்கும் வாக்குமூலம் வேறு. அது செல்லும், ஆனால் நிர்ப்பந்தம் இல்லை என்று தெரிய வேண்டும். நொய்டா பக்கம் நிதாரியில் 2006இல் குழந்தைகளின் எலும்புகள் கிடைத்த வழக்கு நினைவிருக்கும். சுமார் 60 நாள் போலீஸ் காவலுக்குப் பிறகு எடுத்த வாக்குமூலத்தை நம்ப முடியாது என்றும், புலன்விசாரணையே கோளாறு என்றும் சொல்லி 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் எதிரிகளை விடுதலை செய்தது. மிச்சமிருந்த ஒரு வழக்கிலும் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்துவிட்டது. அத்தனை குழந்தைகளைக் கொன்றது யார் என்பதற்கு இன்று நீதிமன்றப் பதில் கிடையாது.

நார்கோ சோதனை, மோப்ப நாய்?

சம்மதம் இல்லாமல் நார்கோ (மருந்து கொடுத்து அரை மயக்கத்தில் கேள்வி கேட்பது) கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. மோப்ப நாய் புலன்விசாரணைக்கு வழி காட்டும். சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாதே.

கைரேகை, ரத்தம் எடுக்க எதிரி மறுக்கலாமா?

கைரேகையும் கையெழுத்து மாதிரியும் தருவது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்று 1961லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரத்த மாதிரி எடுக்கவும் சட்டத்தில் இடம் உண்டு, தேவையான அளவு பலத்தைக்கூடப் பயன்படுத்தலாம். தொடர் குற்றத்தில் கைரேகையின் உண்மையான பயன் கோர்ட்டில் தெரிவதைவிட முன்னாடியே தெரியும். ஆம்பூரில் ஜன்னல் கம்பியில் கிடைத்த ரேகையும் சித்தூரில் ஒரு பழைய திருட்டு வழக்கில் எடுத்த ரேகையும் ஒன்று என்று 2022இல் தொடங்கிய தேசியக் கைரேகைக் கணினித் தொகுப்பு இப்போது சொல்லிவிடும். நாம் இருப்பது ஆந்திர எல்லை ஓரம். கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட் தாண்டினால் வேறு மாநிலப் போலீஸ், வேறு மொழியில் எஃப்.ஐ.ஆர்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டத்தில் கொலை நடந்திருந்தால்?

பழைய வட ஆற்காடு 1989இல் இரண்டானது. வேலூர் 2019இல் மூன்றானது. குற்றவாளிக்கு இந்த எல்லைக்கோடுகள் தெரியாது, ஆனால் போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் உண்டு. பாலாற்று மணலில் வாலாஜா பக்கம் ஒரு உடல், வாணியம்பாடி பக்கம் ஒரு உடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இரண்டு மாவட்டத்தில் "அடையாளம் தெரியாத பிரேதம்" என்று தனித்தனியாகக் கிடக்கும். இரண்டையும் ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நாள்வரை அது தொடர் கொலையே இல்லை. அதற்குத்தான் சி.பி.சி.ஐ.டி.யிடம் மாற்றுவது, தனிப்படை அமைப்பது எல்லாம்.

கர்நாடகத்தில் "சயனைடு" மோகன் என்ற ஆசிரியர் ஆறேழு ஆண்டுகள் பிடிபடாமல் திரிந்தது இதனால்தான். பெண்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊர்ப் பஸ் நிலையத்தில் இறந்துகிடந்தார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனும் இயற்கைக்கு மாறான மரணம் என்று எழுதி மூடியது. 2009இல் காணாமல் போன ஒரு பெண்ணின் போன் அழைப்புகளைப் பிடித்துப் போனபோதுதான் எல்லாம் ஒரே நூலில் கோத்துக்கொண்டது.

எல்லாக் கொலையையும் ஒரே வழக்காக நடத்தலாமா?

ஒரே மாதிரிக் குற்றங்கள் ஒரு வருடத்துக்குள் நடந்திருந்தால் பழைய சட்டத்தில் மூன்று வரை சேர்க்கலாம், புதிய சட்டத்தில் ஐந்து வரை. எல்லாம் ஒரே தொடர்ச்சியான செயல் என்று காட்ட முடிந்தால் இந்தக் கணக்கு இல்லாமலும் சேர்க்கலாம். இல்லையென்றால் தனித்தனி. மோகன் வழக்குகள் தனித்தனியாகவே நடந்தன. 2013 டிசம்பரில் மங்களூரு நீதிமன்றம் தூக்குத் தண்டனை தந்தது. மேல்முறையீட்டில் ஒன்றில் ஆயுளாகக் குறைந்தது, இன்னொன்றில் விடுதலையே ஆனது. ஒரே ஆள், ஒரே பாணி, ஆனால் வழக்குக்கு வழக்கு சாட்சி வேறு, முடிவும் வேறு.

பி.பி.க்கு இது பெரிய யோசனை. எல்லாவற்றையும் சேர்த்தால் நீதிபதி மனதில் முழுப் படம் விழும். ஆனால் பலவீனமான ஒரு கொலை உள்ளே இருந்தால் அந்தச் சந்தேகம் பக்கத்துக் கொலையிலும் ஒட்டிக்கொள்ளும். என் சீனியர் சொல்லுவார்: அழுகின தக்காளியைக் கூடையிலிருந்து எடுத்துட்டு வித்துப் பாரு.

ஒரே பாணியில் கொன்றிருக்கிறானே, அதுவே சான்று இல்லையா?

"இவன் இந்த மாதிரி ஆள், அதனால் இதையும் செய்திருப்பான்" என்ற வாதத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. தற்செயலா, திட்டமிட்டதா என்ற கேள்வி வரும்போது முந்தைய செயல்களைக் காட்டலாம். மூன்று மனைவிகளும் ஒரே மாதிரி குளியலறையில் வழுக்கி விழுந்தார்கள் என்று ஒருவர் சொன்னால், நீதிபதி அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். ஆனால் பாணி மட்டும் போதாது. சூழ்நிலைச் சாட்சியம் எப்படி இருக்க வேண்டும் என்று 1984இல் சர்தா வழக்கில் ஐந்து விதி வைத்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தனியாக நிரூபணமாக வேண்டும், மொத்தமாகப் பார்த்தால் எதிரியைத் தவிர வேறு யாரையும் அது காட்டக் கூடாது.

எதிர்த்தரப்பு வக்கீல் நிபுணரிடம் என்ன கேட்பார்?

நான் கேட்டவற்றையே சொல்கிறேன். பொதி உங்களிடம் வந்த தேதி? சீல் எத்தனை, மாதிரிச் சீலோடு ஒப்பிட்டீர்களா? கறை ஒருவருடையதா, கலப்பா? டிஎன்ஏவில் எத்தனை இடங்களில் ஒப்பிட்டீர்கள், கருவி வரைந்த வரைபடங்கள் எங்கே, ஏன் அறிக்கையோடு இணைக்கவில்லை? "பொருந்துகிறது" என்றால் இந்தப் பொருத்தம் தற்செயலாக வர வாய்ப்பு எவ்வளவு, எதிரிக்கு அண்ணன் தம்பி இருந்தால்? இந்தக் கடைசிக் கேள்விக்கு முன்பே பதில் தயாரித்துக் கொடுக்கும் பி.பி.யிடம் என் பருப்பு வேகாது. ஆய்வக அறிக்கையை நிபுணர் வராமலேயே சாட்சியமாகக் குறியிடச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் கொலை வழக்கில் நிபுணரைக் கூண்டில் ஏற்றாத பி.பி.யைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

பி.பி. போலீஸ் வக்கீலா, எங்கள் வக்கீலா?

இரண்டும் இல்லை, அரசின் வக்கீல். எதிரிக்குச் சாதகமான காகிதம் கட்டில் இருந்தால் அதையும் கோர்ட்டுக்குக் காட்ட வேண்டியவர். கொல்லப்பட்டவரின் குடும்பம் தனியாக ஒரு வக்கீலை வைத்து பி.பி.க்கு உதவலாம், எழுத்துபூர்வ வாதமும் தரலாம். இழப்பீட்டுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு போடுங்கள். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, இடைக்கால உதவிக்கும் வழி உண்டு. இதை யாரும் குடும்பத்திடம் எடுத்துச் சொல்வதில்லை, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இத்தனை கொலைக்குத் தூக்கு கட்டாயமா? வேலூர் சிறையிலா?

கட்டாயம் இல்லை. 1980 முதல் "அரிதிலும் அரிதான" வழக்குக்குத்தான் தூக்கு. செஷன்ஸ் கோர்ட் தூக்கு விதித்தாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்தால்தான் செல்லும். தொரப்பாடியில் இருக்கும் நம் மத்தியச் சிறை 1830இல் கட்டியது. ராஜீவ் கொலை வழக்கில் மூன்று பேருக்கு இங்கே 2011 செப்டம்பர் 9 என்று தூக்குத் தேதி குறித்து, கடைசி நேரத்தில் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2014இல் அது ஆயுளானது. அந்த வாரம் தொரப்பாடி ரோட்டில் இருந்த போலீஸ் கூட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆறு கொலைக்கு ஆறு ஆயுளை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கச் சொல்லலாமா என்றும் கேட்கிறார்கள். முடியாது. மனிதனுக்கு ஒரு ஆயுள்தானே என்பதுதான் 2016இல் முத்துராமலிங்கம் வழக்கில் அரசியல் சாசன அமர்வு தந்த பதிலின் சாரம், அதுவும் தமிழ்நாட்டு வழக்கு. இத்தனை ஆண்டு வெளியே விடவே கூடாது என்று நிபந்தனை போடும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டும். செஷன்ஸ் நீதிபதியிடம் பி.பி. அதைக் கேட்டுப் பயனில்லை.

சாட்சி பல்டி அடித்தால் வழக்கு போய்விடுமா?

பிறழ்சாட்சி சொன்னதில் நம்பத்தக்க பகுதியைக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். தடயம் வலுவாக இருந்தால் பி.பி. பதற மாட்டார். மகஜர் சாட்சியே பல்டி அடித்தால்தான் வயிற்றில் புளி கரைக்கும்.

விசாரணையை நாங்கள் நேரில் பார்க்கலாமா?

பார்க்கலாம். பாலியல் குற்றம் சேர்ந்த வழக்குகள் மூடிய அறையில் நடக்கும், மற்றபடி கோர்ட் எல்லாருக்கும் திறந்ததுதான். போனை அணைத்துவிட்டுப் பின் பெஞ்சில் உட்காருங்கள். அ.சா. என்றால் அரசுத் தரப்பு சாட்சி, சா.பொ. என்றால் சான்றுப் பொருள், எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர், இந்த மூன்றும் தெரிந்தால் பாதி புரியும். சான்றுப் பொருளைக் காட்டும் நாளில் வாருங்கள். கிளார்க் காக்கிக் காகிதப் பொதியைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். நூலை வெட்டுவதற்கு முன் பொதியைத் திருப்பி, அரக்கு இருக்கும் பக்கத்தை நீதிபதிக்குக் காட்டுவார். நீதிபதி குனிந்து பார்ப்பார், எதிரித் தரப்பு வக்கீல் எழுந்து பக்கத்தில் வந்து பார்ப்பார். பி.பி. மட்டும் பார்க்க மாட்டார். காலையிலேயே பார்த்திருப்பார்.